இரத்தத்தின் மீது பொய்ச் சாட்சியம்



ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் மாவு கலந்திருந்தால் நாவே காட்டிக் கொடுத்துவிடும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணியில் இழை குறைந்திருந்தால், வியாபாரியின் விரல் தடவியதுமே சொல்லிவிடும். ஆனால் நம் கையிலிருந்து எடுத்துச் சென்ற இரத்தத்தைப் பற்றி ஒரு தாளில் அச்சாகி வரும் எண் மெய்யா, பொய்யா என்றறிய நமக்கு நாவுமில்லை, விரலுமில்லை. எழுதித் தந்தவனை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவேதான் அந்தத் தாளை வெறும் சரக்கு என்று நாம் சொல்வதில்லை. அது ஷஹாதத், சாட்சியம்.

பெரும் பாவங்களை எடுத்துரைத்தபோது, இணைவைத்தலையும் பெற்றோரை நோவினை செய்வதையும் சாய்ந்தபடியே சொன்ன நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியத்தைச் சொல்ல வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிறுத்திக்கொள்ள மாட்டார்களா என்று ஸஹாபாக்கள் ஏங்குமளவுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது.

இதை இப்போது சொல்லக் காரணமுண்டு. வீடு தேடி வந்து இரத்தம் எடுக்கும் புதுப்புதுக் கம்பெனிகளின் ஏஜென்ஸி எடுக்க விரும்பும் நம் இளைஞர்கள் சிலர், ஜும்ஆ முடிந்ததும் "ஹஜ்ரத், இந்தத் தொழில் ஹலாலா?" என்று கேட்கிறார்கள். தொழில் ஹலால்தான், நோயாளிக்கு உதவும் தொழில். ஆனால் அவர்கள் நீட்டும் விளம்பரத்தில் ஒரு துளியில் எல்லா நோயும் தெரியும் என்றிருக்குமானால், அங்கேதான் நாம் நிற்க வேண்டியிருக்கிறது.

இதே வாக்குறுதியைக் கொண்டே அமெரிக்காவில் ஒரு கம்பெனி எழுந்து வீழ்ந்தது. எலிசபெத் ஹோம்ஸ் என்ற பெண்மணி 19 வயதில், 2003-ல் அதைத் தொடங்கினார். பெயர் தெரனோஸ். விரல் நுனியில் குத்தி எடுக்கும் சில துளிகளில் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்யலாம் என்றார். 2014-ல் அதன் மதிப்பு 900 கோடி டாலர் எனக் கணக்கிட்டார்கள். உண்மையில் 'எடிசன்' என்று பெயரிட்ட அவர்களது இயந்திரம் செய்தது ஒரு டஜன் சோதனைகள்தாம். மீதியை மற்றவர்கள் செய்த சாதாரண இயந்திரங்களில், துளியை நீர்க்கச் செய்து ஓட்டினார்கள். விரலை அழுத்தி எடுக்கும் இரத்தத்தில் அணுக்கள் உடைந்து பொட்டாசியம் கூடுதலாகக் காட்டும் என்பது ஆய்வுக்கூடத்தில் வேலை பழகுபவருக்கும் தெரியும். (சர்க்கரையை விரல் துளியில் பார்ப்பது வேறு, அது நிரூபணமான முறை.)

அங்கே வேலை பார்த்தவர்களில் டைலர் ஷுல்ட்ஸ் என்ற இளைஞரும் ஒருவர். அவருடைய பாட்டனார் ஜார்ஜ் ஷுல்ட்ஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு மந்திரி, அதே கம்பெனியின் டைரக்டர். முடிவுகள் சரியில்லை என்று பேரன் சொன்னபோது பாட்டனார் முதலில் கம்பெனியின் பக்கமே நின்றார். பேரன் பின்வாங்கவில்லை. பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதியின் சாட்சிகளாக நில்லுங்கள் என்று சூரத்துன் னிஸாவில் நமக்கு இட்ட கட்டளையை, அதை ஓதாத ஒருவர் செய்து காட்டினார்! நாம் ஓதுகிறோம்.

2015 அக்டோபரில் பத்திரிகை விஷயத்தை வெளிப்படுத்திற்று. 2016-ல் எடிசனின் இரண்டாண்டு முடிவுகளைக் கம்பெனியே ரத்து செய்தது, 2018-ல் மூடிவிட்டது. ஏற்கெனவே கரு கலைந்து நொந்திருந்த ஒரு தாய்க்கு, இந்தக் கருவும் கலைகிறது என்று எண் வந்தது. பிள்ளை நலமாகப் பிறந்தது. அந்தத் தாய் 2021-ல் கோர்ட்டில் சாட்சி சொன்னார். 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளியென்று தீர்ப்பாயிற்று. தண்டனை 11 ஆண்டும் 3 மாதமும். ஆனால் கவனியுங்கள்: பணம் போட்டவர்களை ஏமாற்றிய குற்றம் அவர் மீது நிரூபணமாயிற்று, நோயாளிகளை ஏமாற்றியதாகச் சுமத்தியவற்றில் விடுதலை. அந்தத் தாய் அழுத இரவுகளின் கணக்கு மஹ்ஷருக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

நம் நாட்டிலும் 2020 ஏப்ரலில், கொரோனா வேளையில், சீனாவிலிருந்து வந்த துரிதச் சோதனைக் கருவிகளைத் திருப்பி அனுப்பும்படி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மாநிலங்களுக்குச் சொல்ல நேர்ந்தது. தமிழகம் பெற்றவை 24,000. ஒன்று 245 ரூபாய்க்கு இறக்குமதியாகி 600 ரூபாய்க்கு விற்றதென்பது டெல்லி ஹைகோர்ட்டில் வெளியாயிற்று.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் விளைவுக்கு ளாமின், பொறுப்பாளி என்பது அபூதாவூதில் வரும் ஹதீதின் கருத்து. கருவி செய்பவனும், பொய்யென்று தெரிந்தே அதைப் பரப்பும் ஏஜெண்டும் இதில் அடங்குவர் என்றே நாம் விளங்குகிறோம். மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். இந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது, எத்தனை பேரிடம் தவறும் என்பதே இங்கு ஈரம். அது விளம்பரத்தின் மேல்வரியில் இருக்க வேண்டும்.

வீட்டிலுள்ளவர்கள் கூடத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அச்சமூட்டும் முடிவு வந்தால் டாக்டரைக் கேளாமல் மருந்து தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். வேறிடத்தில் மறுபடி பாருங்கள். இரு ஊர்களிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது.

பொய்யென்று தெரிந்தே விற்றுவிட்ட இளைஞர்கள் தௌபா செய்தால் போதுமா என்கிறார்கள். போதாது, இது அடியார்களின் ஹக்கு. வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்து, "அந்த முடிவை நம்ப வேண்டாம்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். அவர்கள் பெயரும் டெலிபோன் நம்பரும் ஏஜென்ஸி நோட்டிலேயே இருக்கின்றன.