கணக்கும் தலையெழுத்தும்

"கணக்கு அவனுக்கு வராது!" என்று தீர்ப்பளித்துவிடுகிறார்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, வழக்குரைப்பார் எவரும் இல்லை. தீர்ப்பு மட்டும் வந்துவிடுகிறது. தேர்வுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு கல்லூரி வாயிலைக் கடந்து செல்கிறான் இளைஞன். அவன் தோற்றான் என்று பதிவேடு கூறும். தோற்றது அவன் மட்டுந்தானா? இதனைத்தான், தோழர்களே, சற்று எண்ணிப் பார்த்திட வேண்டும்.

தலையெழுத்து என்றால் நாம் நகைக்கிறோம். நகைக்க வேண்டியதுதான். ஆனால், நம்முடன் சேர்ந்து நகைப்போரில் சிலர், அதே சரக்கை "பிறவித் திறன்" என்று புதுச்சீட்டு ஒட்டிக் கடைவிரிக்கும்போது, நாமும் விலை கேட்காமலே வாங்கிவிடுகிறோம்! ஆளுக்காள் ஆற்றல் வேறுபடும்; மறுப்பாரில்லை. எனினும், ஒரு கூட்டத்தாரே வரிசையாகத் தோற்றிடும்போது, குறை அவர்தம் மண்டையிலா, அவர்கள் அமர்ந்து படிக்கும் இடத்திலா என்று தேடிப் பார்ப்பதல்லவா அறிவுடைமை?

அப்படித் தேடிப் பார்த்தார் ஒருவர். 1970-களில், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில், பெர்க்லி நகரில், யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆராய்ச்சி மாணவர். அங்கே, முதலாண்டு நுண்கணித வகுப்பில் கருப்பின மாணவர் பெரும்பாலோர் தோற்றனர், அல்லது தட்டுத் தடுமாறினர். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். விடை தயாராக இருந்தது: ஊக்கமில்லை, பள்ளிப் பயிற்சி போதாது, வீட்டிலே கல்வியின் அருமை தெரியாது, வறுமை. கேட்கக் கேட்கப் பொருத்தமாகத் தோன்றும் விடைகள்! ஒரு குறைதான் உண்டு. எவரும் சென்று பார்த்ததில்லை.

டிரைஸ்மன் சென்றார். கருப்பின மாணவர் இருபது பேர், சீன வழியினர் இருபது பேர்; இவர்களுடனேயே தங்கி, எப்படிப் படிக்கிறார்கள் என்று பதினெட்டுத் திங்கள் பார்த்தார். ஊகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஊக்கம் இருந்தது, பல்கலைக் கழகம் வந்து சேர்வதற்கே அவர்கள் எத்தனை மேடு ஏறியிருந்தனர்! பெற்றோரின் ஆதரவும் இருந்தது. நுழைவுத் தேர்விலே மிகுந்த மதிப்பெண் பெற்றவர்களே பலர் வீழ்ந்தனர்.

பின் என்னதான் வேறுபாடு? கருப்பின மாணவன் தனியே படித்தான். பாடம் ஓரிடம், நட்பு வேறிடம் என்று வேலி போட்டுக்கொண்டிருந்தான். சீன மாணவரோ, முதலில் தனியே கணக்குப் போட்டனர், மாலையிலே கூடினர், சேர்ந்து சமைத்து உண்டனர், ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தனர். பழைய வினாத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு பயின்றனர். "நேற்றிரவு எத்தனை மணி வரை விழித்திருந்தாய்?" என்றுகூடக் கேட்டுக்கொண்டனர்.

இதிலே என்ன பெரிய மறைபொருள் என்பீர்கள். எண்ணிப் பாருங்கள். ஐவர் அமர்ந்திருக்கையில், நால்வருக்கு ஒரு விடை, ஒருவனுக்கு வேறு விடை என்றால், பிழை தன்னுடையது என்று அவன் அறிந்து திருத்திக்கொள்கிறான். ஐவருக்குமே வரவில்லையெனில், கணக்கு கடினம் என்று தெளிகிறார்கள், எவரும் நாணுவதில்லை. தனியறையில் இருப்பவனுக்கு இந்த அளவுகோல் ஏது? கணக்கு கடினமா, புத்தகத்தில் அச்சுப்பிழையா, தன் அறிவே அவ்வளவுதானா? இரவு இரண்டு மணிக்கு, மூன்றாவது விடைதான் அவன் நெஞ்சிலே வந்து அமர்கிறது.

உதவி நிலையங்கள் இல்லாமலா இருந்தன? இருந்தன. "பின்தங்கியோருக்கு" என்ற பலகையுடன் இருந்தன. தன் பள்ளியிலே முதல்வனாகத் தேறியவன், அந்தப் பலகையின் கீழ் தலைகுனிந்து நுழைவானா? நுழையவில்லை. அதனை ஆணவம் என்பாரும் உளர். நான் தன்மானம் என்பேன். உதவி தேவை, ஆனால் உதவியுடன் சேர்த்து இழிவையும் பெற்றுக்கொள் என்பது என்ன நியாயம்?

டிரைஸ்மன் அமைத்த வகுப்பிலே இரக்கப் பேச்சே எழவில்லை. சிறந்தோருக்கான வகுப்பு என்று அழைத்தார். எளிய கணக்குகளைப் புகட்டாமல், கடினமானவற்றையே சிறு சிறு குழுக்களுக்குக் கொடுத்தார். விளைவு? அவ்வகுப்பில் சேர்ந்த கருப்பின, இலத்தீன் அமெரிக்க வழி மாணவர்கள், சேராத தம் இனத்தாரை மட்டுமல்ல, வெள்ளையரையும் ஆசிய வழியினரையும்கூட நுண்கணிதத்தில் விஞ்சினர். அதே மண்டை, அதே பிறவி! மாறியது மாலை நேரம்.

"இராமானுசன் எந்தக் குழுவிலே படித்தார்?" என்று மடக்குவோர் வருவர். வரட்டும். கல்லூரித் தேர்விலே தோற்று, சென்னைத் துறைமுகத்திலே எழுத்தராய் இருந்த அவர், 1913-இல் ஹார்டிக்குக் கடிதம் எழுதியது எதற்காக? தம் கணக்கைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு மனிதரைத் தேடியல்லவா? எண்களைக் கூறுபடுத்துவது பற்றி 1918-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரை, இருவர் பெயரையும் தாங்கியே வந்தது. ஆனால், கேம்பிரிட்சில் அவருக்குக் கணக்கிலே துணை கிடைத்ததே தவிர, உணவிலே கிடைக்கவில்லை. போர்க்காலக் குளிரிலே, தம் அறையில் தாமே சமைத்து உண்டு, நோயுற்றார். 1920-இல், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். கூட்டுச் சிந்தனைக்குச் சான்றும் அவரே. தனிமையின் விலைக்குச் சான்றும் அவரே.

ஆகவே, கணிதத் துறையினர் மாணவர் நலம் பற்றிப் பேசும்போது, ஆண்டுக்கொரு விழாவையும் அறிவிப்புப் பலகைத் தாள்களையும் காட்டினால், எனக்கு நிறைவில்லை. மாலை ஆறு மணிக்கு அங்கே ஓர் அறை திறந்திருக்கிறதா என்று கேட்பேன். ஒரு கரும்பலகை, நாலைந்து நாற்காலி, வழிகாட்ட ஒரு மூத்த மாணவர், எளிதில் மடியாத பத்துக் கணக்குகள். மாளிகை கேட்கவில்லை. பல இடங்களில் அந்த அறை இருக்கவே இருக்கிறது. ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டுச் சாவியை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள்.