எந்தத் தரை?

யோயோ பிரியர்கள் இருவர் சந்தித்தால் வித்தை பிறகுதான், வழக்குதான் முதலில். அலுமினியமா பிளாஸ்டிக்கா? கயிறு பருத்தியா பாலியஸ்டரா? கனம் 60 கிராம் போதுமா, 68 வேண்டுமா? இவற்றில் எதிலாவது சமாதானம் வந்தாலும் வரும். தீராத வழக்கு ஒன்று உண்டு: சுண்டி இழுத்தால் தானே கைக்கு ஏறிவரும் யோயோ உசத்தியா, எவ்வளவு இழுத்தாலும் அசையாமல் கயிற்றின் அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும் யோயோ உசத்தியா?

முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் இரண்டாவது கட்சி. "இழுத்தா வர்றதெல்லாம் சின்னப் பசங்க யோயோ மாமா. இது வராது. நாமதான் வர வைக்கணும்" என்பான். வரவைக்கும் முறைக்குப் பைண்டு என்று பெயர். தொங்கும் கயிற்றை ஒரு மடிப்பு மடித்து, சுழலும் இரு தட்டுகளுக்கு நடுவே ஊட்ட வேண்டும். கயிறு அங்கே கடிபட்டதும் சுழற்சியே அதைச் சுருட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். அவன் செய்யும்போது கண் சிமிட்டும் நேரம்தான். எனக்கு மூன்று விரல்களிலும் சிக்கு விழுகிறது.

இந்த வழக்குக்கு வித்திட்டவர் என்று பெட்ரோ ஃப்ளோரஸைச் சொல்லலாம். பிலிப்பைன்ஸில் பிறந்தவர், 1928இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் யோயோ செய்து விற்கத் தொடங்கினார். பொம்மை அதற்கு வெகு முன்பே உலகத்தில் இருந்தது. 1770 வாக்கில் ராஜஸ்தானத்துப் பூந்தி அல்லது கோட்டாவில் தீட்டப்பட்ட சிற்றோவியம் ஒன்றில் ஒரு சீமாட்டி ஒய்யாரமாக யோயோ ஆடிக்கொண்டிருக்கிறாள். ஐரோப்பாவில் அக்காலத்தில் புழங்கியவற்றில் கயிற்றை அச்சில் இறுகக் கட்டியிருந்தார்கள். கீழே போகும், மேலே வரும். வேறு வேலை தெரியாது. ஃப்ளோரஸின் யோயோவிலோ கயிறு அச்சைச் சுற்றி வளையமாக மட்டும் கிடந்தது. அதனால் கீழே போன யோயோ அங்கேயே நின்று சுழல, ஆட்டக்காரர் பாஷையில் தூங்க, முடிந்தது. பின்னாளில் அச்சில் பேரிங் ஏறியது. சுழலும் நேரம் நிமிடக் கணக்கில் நீண்டது. திரும்பி வருவதுதான் இந்தப் பொம்மையின் ஒரே குணம் என்றிருந்த காலம் அதோடு முடிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு குணம் வந்துவிட்டால் ஊரும் இரண்டாகத்தானே பிரியும்?

எங்கள் ஊரில் யோயோ கிடையாது, பம்பரம்தான். ஆனால் கட்சிப் பிரிவினைக்குக் குறைவில்லை. கடையில் வாங்கிய பம்பரத்தை அப்படியே ஆடுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். முதல் வேலை ஆணியைப் பிடுங்குவது. பிறகு தனக்குப் பிடித்த ஆணியை அடித்து, தலையை வெட்டி, கருங்கல்லில் தேய்க்க வேண்டும். எவ்வளவு தேய்ப்பது என்பதில்தான் மதச் சண்டை. கூராகத் தேய்த்தவன் ஆக்கர் கட்சி. வட்டத்துக்குள் கிடக்கும் அடுத்தவன் பம்பரத்தின் மண்டையில் குத்தி ஆக்கர் என்கிற ஓட்டையைப் போட்டால் அவனுக்கு அன்றைய சோறு செரித்துவிடும். மழுங்கத் தேய்த்தவன் வேறு சாதி. அவனுக்குப் பம்பரம் ஆடாமல் அசையாமல் தூங்க வேண்டும். பிறகு சாட்டையைக் கொடுத்து எழுப்பி உள்ளங்கையில் ஏந்தி (அதற்கு அபீட் என்று பெயர்), நாலு பேருக்குக் காட்ட வேண்டும்.

சாட்டையிலும் தகராறுதான். முறுக்கு இறுகலாக இருந்தால் பிடி நன்றாக விழும், ஆனால் விடும்போது உதறும். இளகலான சாட்டை வழுக்கிக்கொண்டு வரும். எச்சில் தொட்டுச் சுற்றுகிறவர்கள் ஒரு கூட்டம். மண்ணில் புரட்டிச் சுற்றுகிறவர்கள் இன்னொரு கூட்டம். எனக்கு இன்றைக்கும் மண் கட்சிதான் சரி என்று தோன்றுகிறது.

இந்தச் சண்டைகளை இப்போது நினைத்துப் பார்க்கும்போது ஒன்று படுகிறது. அவை சீக்கிரம் முடிந்துவிடும். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும் சாலையோரம் இறுகிப்போன தரை. அங்கே கூர் ஆணி ராஜா. நாலு எட்டு தள்ளி வாய்க்கால் ஓரத்துப் பொலபொல மண்ணுக்கு வந்தால் அதே ஆணி பொதுக்கென்று இறங்கிப் பம்பரம் செத்துவிடும். மழுங்கல் ஆணி உருண்டு உருண்டு தாக்குப்பிடிக்கும். ஆகவே யாராவது தன் ஆணியைப் பற்றிப் பெருமை பேசத் தொடங்கினால் எதிரி கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தரைல?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு மேல் வாய்ப்பேச்சு கிடையாது. அந்தத் தரைக்குப் போய் விட்டுப் பார்த்துவிடுவோம்.

யோயோவுக்குத் தரை இல்லை, காற்றில் ஆடுகிறது. அதனால்தான் அதன் வழக்கு இவ்வளவு நீள்கிறது என்று நினைக்கிறேன். ஆனாலும் தரை மாதிரி ஒன்று அதற்கும் உண்டு. உலக யோயோ போட்டியில் முக்கியமாக ஐந்து பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். 1ஏ என்பது ஒற்றை யோயோவைக் கயிற்றில் தூங்கவிட்டு வலை பின்னும் ஆட்டம். அங்கே சுண்டினால் திரும்பும் யோயோவை வைத்துக்கொண்டு இன்று யாரும் ஜெயிக்க முடியாது. 2ஏ பிரிவில் இரு கைகளிலும் இரண்டு யோயோக்கள் இடைவிடாமல் வட்டமடிக்க வேண்டும். அங்கே திரும்பாத யோயோ சல்லிக் காசு பெறாது. அந்தப் பிரிவில் திரும்பத் திரும்ப உலகப் பட்டம் வென்ற ஜப்பானியர் ஷின்ஜி சைட்டோவின் கையில் இருந்தது, என் அக்கா மகன் 'சின்னப் பசங்க யோயோ' என்று இளக்காரம் செய்கிற ரகம்தான். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது வேற ஆட்டம் மாமா" என்றான். அதைத்தானப்பா நானும் சொல்கிறேன்.

இதற்கு நடுவில் மூன்றாம் கட்சி ஒன்றும் வந்தது. அமெரிக்கரான மைக்கேல் காஃப்ரி 1980இல் வடிவமைத்துக் காப்புரிமை பெற, யோமெகா நிறுவனம் விற்ற 'பிரெயின்' என்ற யோயோ. உள்ளே சின்ன எடைகளும் ஸ்பிரிங்கும் கொண்ட ஒரு கிளட்ச். வேகமாகச் சுழலும்போது எடைகள் வெளிப்பக்கம் விரிந்து அச்சை விட்டுவிடும்; யோயோ தூங்கும். வேகம் குறைந்ததும் கிளட்ச் அச்சைப் பிடித்துக்கொள்ள, யோயோ தானே கைக்கு வந்துவிடும். எப்போது திரும்புவது என்பதை விரல் தீர்மானிக்க வேண்டியதில்லை, பொம்மையே தீர்மானித்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது ஒப்பவில்லை. விரல் கற்க வேண்டியதை இயந்திரம் கற்றுவிட்டால் விளையாடுகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

ஆனால் இப்படிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டா என்பது சந்தேகம்தான். அதே 1980இல் ஓசூரில் இருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வந்தது. அதிலும் சுழலும் வேகத்தில் விரிந்து பிடிக்கும் எடைகளைக் கொண்ட கிளட்ச்தான்; வேலை செய்யும் திசை மட்டும் மாறும். கியர் இல்லை, இடது கையால் பிடித்து விட வேண்டிய லிவர் இல்லை. அதன் வாரிசான எக்ஸ்.எல். வண்டியில் முன்னால் ஒரு உர மூட்டை, பின்னால் புல்லுக்கட்டு, அதற்கு மேல் பெண்டாட்டி என்று விக்கிரவாண்டிப் பக்கத்து வரப்புகளில் போகிறவரைப் பார்த்து, "வண்டி ஓட்டும் கலை உங்களுக்குத் தெரியவில்லை" என்று யாராவது சொல்வார்களா? புல்லட்காரர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களைச் சேற்று வரப்பில் இறக்கிவிட்டால் தெரியும்.

ஆக, பிரெயினை எனக்குப் பிடிக்கவில்லை என்பது வரைக்கும் சரி. அது மட்டம் என்று நான் சொல்லும்போது, விரல் வலுவில்லாத ஏழு வயதுப் பிள்ளையின் கையை நான் கணக்கில் எடுக்கவில்லை. நம் விருப்பங்களில் பாதி இப்படித்தான் தீர்ப்புகளாக வேஷம் கட்டிக்கொள்கின்றன. பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, சென்னைக்குப் போவதா ஊரிலேயே இருப்பதா, கூட்டுக் குடும்பமா தனிக்குடித்தனமா என்று நாம் கத்துகிற கத்தலில் தரையைப் பற்றிய பேச்சே வருவதில்லை. இறுகிய தரையில் நிற்கிறவர் கூர் ஆணிக்கு வாதாடுகிறார்; வாய்க்கால் மண்ணில் நிற்கிறவர் அதைக் கேட்டுத் தன் மழுங்கல் ஆணியைப் பார்த்து வெட்கப்படுகிறார். வெட்கப்படுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாதத்தில் தோற்பது பரவாயில்லை.

அதற்காக எல்லா விருப்பமும் ஒன்றே என்று சமரசம் பேச நான் வரவில்லை. விட்டுப் பார்க்காத பம்பரத்தைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவனின் விருப்பத்துக்கு எங்கள் வட்டத்தில் மதிப்பு கிடையாது. அதிக விலை கொடுத்து டைட்டானியம் யோயோ வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறவர் கருத்துச் சொல்லலாம். நாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்கலாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை யோயோ கேட்டால் சுண்டினால் திரும்பி வரும் சாதாரண பிளாஸ்டிக் யோயோவையே முதலில் வாங்கிக் கொடுங்கள். கயிற்றை அவன் தொப்புள் உயரத்துக்கு வெட்டிக் கொடுங்கள். எது உசத்தி என்பதை அவன் விரல் பழகிய பிறகு அவனே உங்களிடம் வந்து சண்டை போடுவான்.