பனியின் அடியில் ஒரு பயிர்

1839-ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிளார்க் ராஸ் தலைமையில் தென்துருவத்தை நாடிப் புறப்பட்ட ‘எரிபஸ்’ கப்பலில் உதவி வைத்தியராகச் சென்ற ஜோசப் டால்டன் ஹூக்கர் என்னும் 22 வயது வாலிபர், சமுத்திரத்தில் மிதந்த பனிப்பாளங்கள் பழுப்பேறிக் கிடந்ததைக் கண்டு, வெறும் அழுக்கென்று ஒதுக்கிவிடாமல் அதைச் சேகரித்து ஆராய்ந்து, அந்த நிறம் டயாட்டம் என்னும் சூக்ஷ்மப் பாசிகளின் நிறமே என்று தெளிந்தார்.

பூஜ்யத்துக்கு 1.8 பாகை கீழே கடல்நீர் உறையத் தொடங்கும்போது உப்பு பனிப்படிகத்தோடு கலப்பதில்லை. விலக்கப்பட்ட உவர்நீர் மயிரிழை போன்ற வாய்க்கால்களாகப் பனிக்குள்ளேயே உறையாமல் தங்கிவிடுகிறது. ஆதித்தன் முகங்காட்டாத நெடிய குளிர்காலத்தை அந்த வாய்க்கால்களில் ஒடுங்கிக் கழித்து, வசந்தத்தில் பனியை ஊடுருவி இறங்கும் சொற்ப வெளிச்சத்தையே மூலதனமாகக் கொண்டு, இந்தச் சிற்றுயிர்கள் பல்கிப் பெருகுகின்றன. படிகத்தைப் பற்றிக்கொண்டு அதன் வளர்ச்சியைத் தடுக்கும் ஒருவகைப் புரதத்தையும் இவற்றுட் சில சுரக்கின்றன; இந்த ஏற்பாட்டை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

குளிர்காலக் கடலில் வேறு ஆகாரம் அருகிவிடும்போது, இறாலை ஒத்த கிரிலின் இளங்குஞ்சுகள் பனியின் அடிப்புறத்தை மேய்ந்து உயிர் தரிக்கின்றன. வளர்ந்த கிரிலை உண்டு பென்குவினும் திமிங்கிலமும் வாழ்கின்றன. துருவத்துப் பனி குறைகிறது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம், வாசகர்கள் இந்த மேய்ச்சல் நிலத்தையும் ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.