மத்தவங்க போட்டுப் பார்க்கட்டும்

அப்டேட் வந்தால் ஒரு வாரம் பொறு, மத்தவங்க போட்டுப் பார்க்கட்டும். என் துறையில் பலரும் வீட்டில் சொல்லும் அறிவுரை இது. நானும் சொல்வதுண்டு. அந்த மத்தவங்க யாரு?

2018 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு, சிலரின் ஃபைல்களை அழித்தது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்தியது. பத்தாயிரத்தில் ஒருவர்தான் புகார் சொன்னதாகவும் அறிவித்தது. முதலில் மாட்டியவர்கள், அப்டேட் இருக்கிறதா என்று தாமாகவே பட்டனை அழுத்திப் பார்த்த பொறுப்பானவர்கள். அதைவிட உறுத்துவது வேறொன்று. முன்னோட்டப் பதிப்பை ஓட்டிய தன்னார்வலர்களில் சிலர், ஃபைல் காணாமல் போவதை முன்பே எழுதியிருந்தார்கள். ஓட்டு அதிகம் விழவில்லை, எனவே யாரும் கவனிக்கவில்லை. புகாரின் தீவிரத்தைக் குறிக்கும் வசதி பிறகுதான் வந்தது. எத்தனை பேருக்கு வலிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, எவ்வளவு வலிக்கிறது என்று கேட்க அதுவரை தோன்றவில்லை.

அரசனின் சோற்றை முதலில் ருசி பார்த்தவனுக்கு, தான் என்ன வேலை பார்க்கிறோம் என்றாவது தெரியும். கூலியும் உண்டு.

சரி, உடனே போட்டுவிடலாமா? 2024-இல் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்தார்கள். புதியதை உடனே ஏற்கும் லினக்ஸ் பதிப்புகளுக்குள் அது நுழைந்தது. நிதானமான டெபியன் ஸ்டேபிள் தப்பியது. பொறுத்தவன் ஜெயித்தான் என்று தோன்றும். ஆனால் அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெபியனின் நிலையற்ற பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தவர். லாகின் அரை நொடி தாமதமாவது அவருக்கு இடறியது. எல்லோரும் பொறுத்திருந்தால் அந்த அரை நொடி யார் கண்ணிலும் பட்டிருக்காது.

பொறுப்பதில் இன்னொரு சிக்கல், நஷ்டம் என்னோடு நிற்காது. வான்னாக்ரை 2017 மே 12-இல் பரவியபோது, அதற்கான திருத்தம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்தது. திருத்தாமல் மாட்டிய கணினிகள் பக்கத்துக் கணினிகளைத் தாக்கின. பிரிட்டனில் மருத்துவமனைகளே திணறின.

அதனால் நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். பாதுகாப்புத் திருத்தம் என்றால் ஓரிரு நாளுக்குள் போட்டுவிடுவேன், அங்கே காத்திருக்க எனக்கு உரிமையில்லை. புது வசதி, புது ஐகான் எல்லாம் மாசக்கணக்கில் கிடக்கட்டும். இழக்க ஒன்றுமில்லாத பழைய லேப்டாப் ஒன்றில் மட்டும் எதையும் முதல் நாளே போடுகிறேன். ஏதாவது உடைந்தால், ஓட்டு விழுதோ இல்லையோ, உட்கார்ந்து புகார் எழுதுகிறேன். அம்மாவின் கணினி அந்தக் கணக்கில் வராது. அதில் கல்யாண போட்டோக்கள் இருக்கு.