மிச்சம் யாருடையது?

டிம்வொர்த், இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் இருக்கும் ஒரு சிற்றூர். ஊர் என்று சொல்லவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. புல்வெளி, சில வீடுகள், பண்ணைக் கட்டடங்கள், அவ்வளவுதான். ஊர்த் தேவாலயம்கூட வீடுகளோடு ஒட்டாமல் வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. கேம்பிரிட்ஜில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தபோது எனக்கு ஒரு நாள் மிச்சமாகக் கிடைத்தது. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து டாக்சி பிடித்து இங்கே வந்தேன். யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஓட்டுநர் கேட்டார். ஒரு பெண்ணை என்றேன். அவர் வாழ்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில் என்பதைச் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் மேரி ஹௌட்டன். 1787இல், அறுவடை முடிந்த பிறகு, ஜேம்ஸ் ஸ்டீல் என்பவருடைய வயலில் இறங்கிச் சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கினார். எத்தனையோ தலைமுறைப் பெண்கள் அந்த நாட்டில் செய்துவந்த வேலை அது. கதிர்க்கட்டுகள் வண்டியேறிய பிறகு தாள்களுக்கு நடுவே கிடப்பதை ஏழைகள் எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்டீல், தன் நிலத்தில் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார். 1788இல் லண்டனில் காமன் ப்ளீஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மூன்று நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். கதிர் பொறுக்குவது பொதுச் சட்டம் தந்த உரிமை அல்ல என்று முடிவானது.

ஆங்கிலச் சட்ட ஏடுகளில் இந்த வழக்கின் பெயர் ‘ஸ்டீல் எதிர் ஹௌட்டன் எட் உக்ஸோர்’. எட் உக்ஸோர் என்ற லத்தீன் தொடருக்கு ‘மற்றும் மனைவி’ என்று பொருள். பெயரோடு முன்னால் நிற்கும் ஹௌட்டன், மேரியின் கணவர் ஜான். வயலில் குனிந்து எடுத்தவர் மேரி. ஆனால் அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண் கணவருக்குள் அடக்கம். அவர்மீது வழக்குத் தொடுக்க வேண்டுமானால் கணவரையும் சேர்த்துத்தான் தொடுக்க முடியும். நம் அகப்பாடல்களில் தலைவனுக்கும் பெயர் கிடையாது, தலைவிக்கும் கிடையாது. அந்த மரபை இருபது வருடமாக வகுப்பில் விளக்கி வருகிறேன். இங்கே நடந்திருப்பது வேறு. ஆணுக்குப் பெயர் இருக்கிறது, பெண்ணுக்கு உறவு மட்டும் இருக்கிறது. உரிமையை இழந்தவரின் பெயர் அதை இழந்த வழக்கின் தலைப்பில்கூட இல்லை.

தீர்ப்பின் வாதங்களைப் படித்தபோது அவை எனக்குப் பழக்கமான குரலில் கேட்டன. தலைமை நீதிபதி லார்ட் லஃப்பரோவின் முதல் வாதம்: சொத்து என்றால் அதை உடையவர் மட்டுமே அனுபவிப்பது, இன்னொருவருக்கு அதில் உரிமை உண்டு என்றால் அது சொத்தே அல்ல. இரண்டாவது வாதம் இன்னும் நுட்பமானது. பொறுக்குவதை உரிமையாக்கினால் ஏழைகளுக்கே கெடுதல் என்றார். விவசாயியின் லாபம் குறையும், ஊர் ஏழைகளுக்காக அவர் கட்ட வேண்டிய வரியை அவரால் கட்ட முடியாமல் போகும், இலையுதிர் காலத்தில் உரிமையென்று எடுத்தவர்கள் வசந்த காலத்தில் பட்டினி கிடப்பார்கள். அதாவது உன் நன்மைக்காகத்தான் உன் உரிமையை மறுக்கிறேன் என்கிறார். இந்த வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் கேட்காத பெண் யாராவது இருக்கிறாரா?

மாறுபட்டவர் நீதிபதி கூல்ட். அவர் மோசேயின் சட்டத்தை எடுத்துக் காட்டினார். வயலின் ஓரங்களை முழுக்க அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அதை எளியவருக்கும் அந்நியருக்கும் விட்டுவிடு என்கிறது அது. நம்மில் பலருக்கு இது ரூத்தின் கதையாகத் தெரியும். விதவையான ரூத், மாமியாரோடு அந்நிய ஊருக்கு வந்து போவாஸின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அந்தக் கதையில் என்னை எப்போதும் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. இவளைத் தொடக் கூடாது என்று போவாஸ் தன் வேலையாட்களுக்குக் கட்டளை இடுகிறார். கட்டளை தேவைப்பட்டது என்றால், அது இல்லாத வயல்களில் என்ன நடந்திருக்கும்? உரிமை எழுத்தில் இருந்தாலும் ஒரு ஆணின் நல்ல மனம் இருந்தால்தான் ரூத் பத்திரமாக வீடு திரும்ப முடிகிறது.

தீர்ப்புக்குப் பிறகும் பெண்கள் வயலுக்கு வந்தார்கள். பல ஊர்களில் வழக்கம் சட்டத்தைவிடப் பலமாக இருந்தது. மறித்த விவசாயிகளோடு மல்லுக்கட்டிய பெண்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சில ஊர்களில் தேவாலய மணி காலையில் அடித்த பிறகுதான் வயலில் இறங்கலாம், மாலை மணி அடித்தால் வெளியேற வேண்டும். கைக்குழந்தை வைத்திருப்பவளும் முதியவளும் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. சில ஊர்களில் பொறுக்குகிறவர்கள் தங்களுக்குள் ஒருத்தியை ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். வயலில் ஒரே ஒரு கதிர்க்கட்டு நின்றால் இன்னும் அனுமதி இல்லை என்று பொருள். அதை அகற்றிவிட்டால் இறங்கலாம். ஃப்ளோரா தாம்சன், 1939இல் வெளியான ‘லார்க் ரைஸ்’ நூலில், 1880களில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் குக்கிராமத்துப் பெண்கள் இப்படிப் பொறுக்கியதை எழுதியிருக்கிறார். அரைத்து வந்த மாவை வீட்டுக்குள் ஒரு நாற்காலியில் வைத்து, தெருவில் போகிறவர்களை உள்ளே அழைத்துக் காட்டுவார்களாம். பிச்சை வாங்கிய மாவை யாரும் அப்படிக் காட்ட மாட்டார்கள். அது சம்பாதித்த மாவு.

இதை அழகாக்கவும் எனக்கு விருப்பமில்லை. நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் முதுகு, தாள் கீறிய கால்கள், கூடவே இழுபடும் குழந்தைகள். சிந்தியதை எடுக்கும் உரிமை நீதியாகிவிடாது. முழு வயலும் ஒருவரிடம் இருக்க, அதை அறுத்துக் கட்டிய குடும்பத்தின் பெண்ணுக்கு உதிர்ந்தது மட்டும் என்பது எந்தக் கணக்கிலும் நியாயமல்ல. ஆனாலும் அந்தச் சிறிய உரிமையை ஏன் பறிக்க வேண்டியிருந்தது? அந்தக் கதிர்கள் ஸ்டீலைப் பணக்காரராக்கியிருக்காது. தீர்ப்பு வந்த பிறகும் நல்ல மனமுள்ள விவசாயி கேட்டால் விட்டிருப்பார். மாறியது ஒன்றுதான். இனி கேட்க வேண்டும், கிடைத்தால் நன்றி சொல்ல வேண்டும், கிடைக்காவிட்டால் பேசாமல் போக வேண்டும். தானியத்தின் அளவு அதேதான். எடுக்கிறவளின் நிலை கீழே இறங்கிவிட்டது.

டிம்வொர்த்தின் வயல்கள் நான் போன செப்டம்பரில் அறுத்து முடிந்திருந்தன. தாள் மட்டும் மஞ்சளாக நின்றது. இங்கிலாந்தில் தனியார் வயல்களின் குறுக்கே பொதுநடைபாதைகள் உண்டு. உடைமையாளர் யாரானாலும் நடந்து கடக்கும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. வேலிப் புதர்களில் கருப்பாக முள்ளிப்பழம் பழுத்திருந்தது. காட்டுச்செடியின் பழத்தை விற்பதற்காக அல்லாமல் பறித்தால் திருட்டு ஆகாது என்கிறது அவர்களுடைய 1968ஆம் ஆண்டுச் சட்டம். பறித்துத் தின்றேன். பாதையோரம் தாளுக்குள் ஒரு கோதுமைக் கதிர் கிடந்தது. குனிந்தேன். எடுக்கவில்லை. யாரும் பார்க்கவில்லை, பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனாலும் என் கை தயங்கியது. அந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

டிம்வொர்த்துக்குப் பக்கத்தில் கல்ஃபோர்டு. அங்கிருக்கும் பெரும் பண்ணை அப்போது கார்ன்வாலிஸ் பிரபுவுடையது. காமன் ப்ளீஸ் தீர்ப்புச் சொன்னபோது அவர் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரல். 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தவர். வரி வசூலித்துக் கொடுத்துவந்த ஜமீன்தார்களை அத்திட்டம் நிலத்துக்கு உடைமையாளர்கள் ஆக்கியது. 1802 முதல் அது சென்னை மாகாணத்தின் சில பகுதிகளுக்கும் வந்தது. மேரி தோற்றதற்கு கார்ன்வாலிஸ் காரணம் என்று நான் சொல்லவில்லை. பல கைகள், பல உரிமைகள் பின்னிக் கிடந்த நிலத்தை ஒரே ஒருவர் பெயரில் எழுதுவதுதான் முறை என்ற நம்பிக்கை இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்.

எங்கள் ஊர் பழைய சிவகங்கை ஜமீனைச் சேர்ந்தது. எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. அறுப்பு முடிந்த மறுநாள் சேரியிலிருந்து பெண்கள் கதிர் பொறுக்க வருவார்கள். கட்டு ஏறும் முன்பே வந்துவிட்டால் அம்மா வரப்பில் நின்று சத்தம் போடுவார். பக்கத்தில் பாவாடையோடு நான் நிற்பேன். ஒரு வருடம் அம்மா ஒரு கிழவியின் மடியை உதறச் சொன்னார். அவர் உதறினார். தரையில் விழுந்தது ஒரு கைப்பிடி இருக்கும். அதை நான்தான் பொறுக்கி எங்கள் களத்தில் போட்டேன். டிம்வொர்த்தில் என் கையைத் தடுத்தது அந்தக் கைப்பிடி என்று நினைக்கிறேன். மேரியின் பக்கம் நின்று எழுதுகிற நான், ஸ்டீலின் வரப்பிலிருந்து வந்தவள்.

அதே நிலத்தில் எனக்கும் பங்கு இருந்தது. 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதிலும் மகள்களுக்குச் சம உரிமை தந்த சட்டங்கள் எனக்குத் தெரியாதவை அல்ல. அப்பா இறந்த மூன்றாம் மாதம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். ‘நீதான் வேலை பாக்குறியே, உனக்கென்னம்மா’ என்றார்கள். ‘கேட்டா பொறந்த வீடு இல்லாமப் போயிரும்’ என்றார்கள். லஃப்பரோவின் வசந்த காலப் பட்டினிக்கு எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பு அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தை மாதமும் அண்ணன் ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார். ஒரு வருடமும் தவறியதில்லை. அவர் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. மூட்டை வந்ததும் அண்ணிக்குப் போன் செய்து நன்றி சொல்கிறேன். என் அப்பாவின் வயலில் விளைந்த அரிசிக்கு நன்றி.

அன்பு உரிமைக்கு மாற்றாகுமா என்பதுதான் என் கேள்வி. அன்பு போதும் என்று வாதிடுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். கொடுக்கிறவருக்குக் கருணை இனிப்பானது, அவர் நினைத்தபோது நிறுத்தலாம். வாங்குகிறவள் தன் முகத்தை எப்போதும் சரியாக வைத்திருக்க வேண்டும். கோபம் வரக் கூடாது, கணக்குக் கேட்கக் கூடாது, அளவு குறைந்தால் கவனிக்கக் கூடாது. உரிமை இருக்கும் இடத்தில் அன்பு செத்துவிடும் என்பது உண்மையல்ல. அங்கேதான் அன்பை அன்பு என்று நம்ப முடியும். என் பங்கு என்னிடம் இருந்து, அதற்கு மேல் அண்ணன் ஒரு மூட்டை அனுப்பியிருந்தால் அது வேறு அரிசி.

இந்தத் தையில் மூட்டை வந்தபோது அண்ணனையே கூப்பிட்டேன். ‘அண்ணே, அந்த விடுதலைப் பத்திரத்தோட நகல் ஒண்ணு எனக்கு வேணும்’ என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்: ‘ஏம்மா, இந்தத் தடவ அரிசி நல்லா இல்லையா?’

நகல் வந்துவிட்டது. அதை வைத்து என்ன செய்யப் போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஒன்று மட்டும் தெளிவாகியிருக்கிறது. என் பங்கைக் கேட்க நான் வாய் திறந்தால், அதே வாயால் அந்தக் கிழவியின் பேத்திகளுக்கு அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டாக வேண்டும். அவர்களுடைய கணக்கு என் கணக்கைவிடப் பழையது. அதைக் கேட்காமல் என் பங்கை மட்டும் வாங்கினால், வரப்பில் அம்மா நின்ற இடத்தில் நான் நிற்பேன், அவ்வளவுதான். அந்தக் கிழவியின் பெயரை அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை. எட் உக்ஸோர் என்று எழுதியவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது அப்போதுதான்.