எடை குறைப்பு அறுவை சிகிச்சை: யாருக்காக இந்த முடிவு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் நம் தலைவர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. முழங்கால் மடங்காததால் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். இரவில் மூச்சு அடைத்துத் தூக்கம் கலைகிறது. இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஹள்ரத், அல்லாஹ் கொடுத்த இரைப்பையை வெட்டி எடுப்பது கூடுமா?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல், "வாயைக் கட்டுங்கள், திங்கள் வியாழன் நோன்பு வையுங்கள், சரியாகிவிடும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பதினைந்து வருடமாக அவர் அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்கள் எல்லோர் முன்பும் வைக்கிறேன்.

படைப்பை மாற்றுவதா, நோய்க்கு மருந்தா?

அல்லாஹ்வின் படைப்பை மாற்றும்படி மனிதர்களை ஏவுவேன் என்று ஷைத்தான் சூளுரைத்ததை அந்நிஸா அத்தியாயம் (4:119) எடுத்துச் சொல்கிறது. இதை வைத்துத்தான் பலர் தயங்குகிறார்கள். தயக்கம் ஈமானின் அடையாளம்தான். ஆனால் முழுச் செய்தியையும் பார்க்க வேண்டும். பற்களுக்கிடையே இடைவெளி உண்டாக்கிக்கொள்வதைக் கண்டிக்கும் புகாரியின் ஹதீஸ், அது அழகுக்காகச் செய்யப்படுவதையும் சேர்த்தே சொல்கிறது.

அர்ஃபஜா (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். ஜாஹிலிய்யா காலத்துப் போர் ஒன்றில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்கு செய்து பொருத்தினார்; அதில் துர்நாற்றம் வந்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதீ). ஆண்களுக்குத் தங்கம் ஹராம். ஆயினும் தேவை வந்தபோது வழி திறந்தது.

2007-ல் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும் எடை குறைப்பு பற்றி இதே வழியில்தான் தீர்மானித்தது. எடை ஒரு நோய்நிலையாக இருந்து, அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லாமல், தீங்கு வராது என்ற உறுதியும் இருந்தால் அது கூடும். நோய், வேறு வழியின்மை, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் மனதில் வையுங்கள்.

உடல் ஓர் அமானிதம்

பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு, உடலுக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். அந்த உரிமையை நிறைவேற்ற வேண்டுமானால், என்ன செய்யப்போகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்லீவ் எனப்படும் முறையில் இரைப்பையில் சுமார் 75 முதல் 80 சதவீதம் வெட்டி அகற்றப்படுகிறது. அதைத் திரும்ப வைக்க முடியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் சுரக்கிறது. அதனால் பசியும் குறைகிறது. பசி என்பது வெறும் பேராசை அல்ல, உடலுக்குள் ஓடும் ஒரு ஏற்பாடு என்பதும் இதிலிருந்து விளங்கும்.

2022-ல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், பி.எம்.ஐ. 35-ஐ எட்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறது, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம் என்கிறது. டாக்டர் செய்யலாம் என்றால், செய்தே ஆக வேண்டும் என்று பொருள் அல்ல. ஊசி மருந்துகளும் இன்று உண்டு, அவற்றையும் கேளுங்கள். அனுபவமுள்ள கைகளில் உயிராபத்து குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக் கசிவு, ரத்தக்கட்டி ஆகியவை வரக்கூடும்.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுக்க வேண்டும். பெண்கள் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். அடுத்து வரும் ரமலானில் நோன்பு வைக்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி பெரும்பாலும் பன்றியிலிருந்து எடுக்கப்படுவது; மாற்று உண்டா என்று டாக்டரிடமும், இல்லாவிட்டால் என்ன சட்டம் என்று ஆலிமிடமும் கேளுங்கள்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் உணவுக்கு என்ற நபிவழியை எந்தக் கத்தியும் நமக்காக நிறைவேற்றித் தராது. ஐஸ்கிரீமும் ஜூஸும் சின்ன இரைப்பையிலும் இறங்கும். இழந்த எடையும் திரும்பும்.

யாருக்காக?

சகோதரர்களே, முடிவெடுப்பவர் தன் நிய்யத்தைத் தனிமையில் எடுத்துப் பார்க்கட்டும். ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொட வேண்டும், பிள்ளைகளோடு நடக்க வேண்டும், சர்க்கரை கண்ணையும் காலையும் தின்றுவிடக் கூடாது என்பதற்காகவா? அப்படியானால் அது அமானிதத்தைக் காப்பது. வெட்கத்தாலோ, யாராவது சோம்பேறி என்பார்கள் என்ற பயத்தாலோ அதைத் தள்ளிப்போடுவது தவக்குல் அல்ல.

மாறாக, மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்த்தார்கள், கணவர் குத்திக் காட்டுகிறார், கல்யாண வீட்டில் சிரித்தார்கள் என்பதற்காகவா? பிறர் நாக்குக்காக ஆரோக்கியமான உடலைக் கத்திக்குக் கொடுக்காதீர்கள். அந்த நாக்கு நாளை வேறொரு குறையைக் கண்டுபிடிக்கும்.

பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன். நம் அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடல்வாகு கொண்டவர்கள், மெதுவாக நடப்பவர்கள். முஸ்தலிஃபாவிலிருந்து கூட்டம் கிளம்புமுன் புறப்பட அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் அனுமதித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). ஹஜ்ஜின் நெரிசலில்கூட அந்த உடலின் சிரமம் மதிக்கப்பட்டது. நாம் என்ன செய்கிறோம்? தட்டில் இரண்டாவது கரண்டி பிரியாணி விழும்போது எண்ணுகிறோம்.

அந்தச் சகோதரர் இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டாவதாக ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறார், மனைவியோடு மஷூரா செய்கிறார், இஸ்திகாரா தொழுகிறார். அவர் செய்துகொண்டாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, அந்த முடிவைச் சுமக்கப்போகிறவர் அவர். அவருக்கு நாம் தர வேண்டியது துஆவும், தேவையற்ற கேள்விகள் கேட்காத நாவும்தான்.

யா அல்லாஹ்! எங்கள் உடல்களை உன் அமானிதமாகப் பேணும் அறிவைத் தருவாயாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், முடிவெடுக்கத் தவிப்போருக்குத் தெளிவையும் தருவாயாக! பிறர் உடலைப் பார்த்துச் சிரிப்பதிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.