தீட்டு என்னும் சொல்

தமிழில் அசுத்தத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அழுக்கு, மாசு, எச்சில், துடக்கு, தீட்டு, புலை என அவை நீளும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகப் பலர் வழங்கினும் இவை ஓரினத்தன அல்ல. அழுக்கு பொருளிற் படிவது, நீரால் நீங்குவது, எவர் துணியிற் பட்டாலும் அழுக்கே. தீட்டு அத்தகையதன்று. ‘தீண்டு’ என்னும் வினையிற் பிறந்த அச்சொல் பொருளின் நிலையைக் கூறவில்லை. யார் யாரைத் தொடலாம் என்னும் உறவைக் கூறுகிறது. துணி வெளுப்பவன் கையால் அழுக்கு நீங்குகிறது. அதே கை தொட்டால் தீட்டு என்றும் சமுதாயம் சொல்கிறது. அழுக்கைப் போக்குபவனே தீட்டுடையவன் ஆவது எவ்வாறு?

உரிய இடத்தை விட்டு விலகிய பொருளே அழுக்கு எனப்படுகிறது என்னும் கருத்தை மேரி டக்ளஸ் என்னும் மானிடவியலறிஞர் 1966-இல் விளக்கினார். வயலிற் சேறு வளம். கூடத்திற் சேறு அழுக்கு. பொருத்தமான விளக்கமே. ஆயினும் இடங்களை வகுத்தவர் யார், வகுத்ததால் பயனடைந்தவர் யார் என்றும் நாம் கேட்க வேண்டும்.

ஊவா மலைகளில் இதற்கு விடை கண்கூடு. பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரிற் பெரும்பான்மையோர், ஊரிலே தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டிருந்தவர்கள். கடலைக் கடக்கும் முன் மண்டபம் முகாமில், தொற்றுநோய்க் காப்பின் பெயரால் அவர்களைத் தடுத்து வைத்தனர். அதிகாரத்தின் கண்ணிற் கூலி எவனும் நோய் சுமந்து வருபவன். மலையேறிய பின் பழைய தீட்டும் உடன் ஏறிற்று. லயங்கள் பல இடங்களிற் சாதிவாரியாகவே பங்கிடப்பட்டன. கானும் கழிப்பிடமும் துப்புரவு செய்யும் வாசக்கூட்டி வேலை பெரும்பாலும் ஒரே சாதியார் தலையில் விழுந்தது.

மாதவிலக்குற்ற பெண்ணின் நிலையைக் குறிக்கத் ‘தூரம்’ என்றே ஒரு சொல் உண்டு. அவள் கோயிலுக்குத் தூரம், சாமிப்படத்துக்குத் தூரம். கொழுந்து மலைக்கு மட்டும் அவள் தூரமல்லள். விடியற்காலைப் பிரட்டுக்கு அவள் வந்தாக வேண்டும். அவள் கிள்ளிய கொழுந்து ஸ்டோரில் வாடி, அரைபட்டு, காய்ந்து, கடல் கடந்து செல்கிறது. அதைத் தீட்டென்று தள்ளிய வணிகன் உண்டா? இலாபம் தொடங்கும் எல்லையில் தீட்டு நின்றுவிடுகிறது.

அத்தேயிலை நம் நாட்டிலேயே கண்ட காட்சியையும் எண்ணிப் பார்க்கலாம். 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியிருந்தும், யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோர் சமமாக அமர இயலவில்லை. 1966 ஒக்டோபர் 21-ம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. தேநீர்க் கடைகளிலும் கோயில் வாயில்களிலும் போராட்டங்கள் தொடர்ந்தன. மலையகத்தில் ஒடுக்கப்பட்டவள் கிள்ளிய இலை, கோப்பையிலே தேநீரானபோது தூயது. அக்கோப்பையை நோக்கி நீண்ட ஒடுக்கப்பட்டவன் கை மட்டும் தீட்டு!

துயருற்றோருக்கும் பெண்ணுக்கும் ஓய்வு தர முன்னோர் கண்ட வழியே இது என்பாரும் உண்டு. சாவு வீட்டாரை அயலார் சில நாள் தாங்குவது நற்பண்பே, மறுப்பதற்கில்லை. ஆனால் ஓய்வுக்கு ஓய்வு என்றே பெயர் இருக்கிறதே! ஓய்வு தருவதானால் அந்நாட்களுக்குக் கூலியும் தர வேண்டும்; கோயிற் கதவை அடைப்பது ஓய்வாகாது. மேலும், சாவுத் துடக்கு நாள் எண்ணிக் கழிகிறது. பிறப்பின்மேல் ஏற்றிய தீட்டுக்கோ நாட்கணக்கில்லை. கழியாத தீட்டு தண்டனையே அன்றி வேறில்லை.

இச்சொல் அரசியலுக்கும் பயன்பட்டது. ‘கள்ளத்தோணி’ என்றார்கள், ‘தோட்டக்காட்டான்’ என்று தமிழரே தமிழரை இகழ்ந்தார்கள். 1948-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஒரு மக்கட் கூட்டத்தையே தேசத்தின் தீட்டாகக் கருதிய செயல் அது. அவ்விழிவை அனுபவித்த லயத்துக்குள்ளேயே, வாசக்கூட்டியின் வீட்டிற் கை நனைக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். இதுவே இச்சொல்லின் கொடிய பயன். மேலிருந்து மிதிபடுபவனுக்கும் கீழே மிதிக்க ஒருவனை அது காட்டிக் கொடுக்கிறது. இருவரும் தோள் சேர்ந்து நிற்கவொட்டாமற் செய்கிறது. துரைக்கும் கங்காணிக்கும் இதைவிட மலிவான காவல் கிடைத்திருக்குமா?

சொல்லை அகராதியிலிருந்து நீக்குவதால் மட்டும் பயனில்லை. தனிக்கோப்பை அருகிய இடத்திலும் திருமணப் பேச்சிற் பழைய தீட்டு, பெயர் சொல்லாமல் வந்து உட்காருகிறது. வள்ளுவர் மாசை மனத்தில் வைத்தார். புலை என்னும் சொல்லைப் பிறப்பில் வையாது கொலைத் தொழிலில் வைத்தார். நாமும் இச்சொற்களின் இடத்தை மாற்றுவோம். நிறுவையிற் கொழுந்தைக் கழித்துக் கூலியைக் குறைப்பது தீட்டு. கான் துப்புரவு செய்பவனுக்குக் கையுறையும் கருவியும் கொடாமல் அவனை அருவருப்பது தீட்டு. அவ்வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிப்பதிலும், அவ்வீட்டோடு பெண் கொண்டு பெண் கொடுப்பதிலும், அவனது கூலிக் கோரிக்கையை நமது கோரிக்கையாகக் கொள்வதிலுமே அத்தீட்டு கழியும்.